மெல்லக் கூடும் எலும்பு

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"சிவில்காரன் மைக்கைப் பிடிச்சிட்டான், இனிமே கான்கிரீட்தான்" என்று பின்வரிசையில் ஒரு நண்பர் சொன்னது என் காதில் விழுந்தது. பாதி சரி. கான்கிரீட் நடுவில் வரும். ஆனால் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் எலும்பு. அதிலும், முடக்குவாதம் போன்ற நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் ஆபரேஷன் செய்தால் எலும்பு ஏன் சீக்கிரம் கூடுவதில்லை என்பது.

நான் டாக்டர் இல்லை. ஆண்டிமடத்தில் பிறந்து, நம் கல்லூரியில் சிவில் படித்து, கட்டட வேலை பார்க்கிறவன். என் அக்காவுக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அவரோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில், டாக்டர்களைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இதைக் கேட்டு யாரும் வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம். டாக்டரிடம் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் நோயைப் பற்றி. நம் உடம்பில் கிருமிகளோடு சண்டை போட ஒரு காவல்படை இருக்கிறது. அந்தக் காவல்படை குழம்பிப்போய்ச் சொந்த உடம்பையே தாக்குவதைத்தான் ஆட்டோ இம்யூன் நோய் என்கிறார்கள். வேலியே பயிரை மேய்கிற கதை. மூட்டின் உட்சவ்வைத் தாக்கினால் முடக்குவாதம். நம் பக்கத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். தோல், சிறுநீரகம், மூட்டு என்று பல இடங்களைத் தாக்குவது லூபஸ். சொரியாசிஸ் உள்ளவர்களில் சிலருக்கும் மூட்டுவாதம் வரும். இது ஏதோ அபூர்வ நோய் என்று நினைக்காதீர்கள். ஹரியானாவில் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் கணக்கெடுத்து 1993-ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு முடக்குவாதம் இருந்தது. ஆயிரம் பேர் கூடும் கல்யாண மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பெண்களே அதிகம்.

இந்த நோய்க்குப் பாதம் ரொம்பப் பிடித்த இடம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், அவற்றுக்கு நடுவே முப்பதுக்கும் மேற்பட்ட மூட்டுகள். நோய் முற்றினால் பெருவிரல் ஒரு பக்கமாகச் சாயும். மற்ற விரல்கள் மேலே ஏறும். பாதத்தின் முன்பகுதி எலும்புகள் கீழே துருத்தி, கூழாங்கல் மேல் நடப்பது போல ஒவ்வொரு அடியும் வலிக்கும். மருந்தாலும் செருப்பாலும் சமாளிக்க முடியாத நிலை வந்தால் ஆபரேஷன். பெருவிரல் மூட்டின் இரண்டு எலும்பையும் சீவி நேராக்கி, ஸ்க்ரூ அல்லது பிளேட் போட்டு ஒரே எலும்பாகக் கூடவிடுவது அதில் ஒரு முறை. சாதாரணமாக இந்த இடம் கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். குதிகால் பக்கத்து மூட்டுகள் என்றால் அதற்கும் மேலே.

என் அக்காவுக்குச் செய்தது இந்தப் பெருவிரல் ஆபரேஷன்தான். எங்கள் ஊரில் பல வீடுகளைப் போல அவருக்கும் முந்திரி வேலை. தரையில் குந்தி உட்கார்ந்து கொட்டை உடைத்து, பருப்பெடுத்து, தோல் உரிக்கிற வேலை. எட்டாவது வாரம் எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு எலும்புக்கும் நடுவில் கோடு பளிச்சென்று தெரிந்தது. "இன்னும் கூடலைம்மா, பொறுத்துப் பாக்கலாம்" என்றார் டாக்டர். அவ்வளவுதான் அவர் சொன்னது. நாங்கள் பஸ்ஸில் ஊர் வந்து சேருவதற்குள் "ஆபரேஷன் பெயிலாம்" என்று தெரு முழுக்கச் சேதி. வந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு யோசனை. "அந்த வாத மாத்திரையாலதான் எலும்பு கூடலை, அதை நிறுத்து" என்பது ஒன்று. "கால ஊனி நடந்தாத்தான் ரத்தம் ஓடும், எலும்பு பிடிக்கும்" என்பது இன்னொன்று. அக்கா பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஐந்து வாரத்தில் இரண்டு கை மணிக்கட்டும் வீங்கி, வாக்கரைப் பிடிக்க முடியவில்லை. வாக்கரைப் பிடிக்க முடியாததால் ஆபரேஷன் செய்த காலையே ஊன்ற வேண்டியதாயிற்று. ஒரு தப்பான யோசனை இன்னொன்றைக் கையைப் பிடித்து இழுத்து வந்த கதை இது.

எலும்பு எப்படிக் கூடுகிறது என்று தெரிந்தால் இந்த இரண்டு யோசனையும் ஏன் ஆபத்து என்பது விளங்கும். எலும்பை வெட்டியதும் அந்த இடத்தில் ரத்தம் கட்டும். பிறகு அழற்சி, அதாவது வீக்கமும் சூடும். இந்த அழற்சி நல்லது. பழுதுபார்க்கும் செல்களைக் கூப்பிடுகிற மணி அது. அதன்பின் நாராகவும் குருத்தெலும்பாகவும் ஒரு மெத்தென்ற பாலம் அமையும். அதில் சுண்ணச்சத்து ஏறிக் கெட்டி எலும்பாகும். கடைசியில், தேவையான இடத்தில் தடித்து, தேவையில்லாத இடத்தில் கரைந்து, எலும்பு தன்னைத் தானே செதுக்கிக்கொள்ளும். ஸ்க்ரூ இறுக்கமாகப் பிடித்திருந்தால் குருத்தெலும்புக் கட்டம் குறைந்து எலும்பு நேராகவே கூடும். இரும்பு எலும்பைக் கூட்டுவதில்லை என்பதைக் கவனியுங்கள். கூடும்வரை பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. நம் பாஷையில் சொன்னால் சென்ட்ரிங்.

ஆட்டோ இம்யூன் நோயில் இது ஏன் தாமதமாகிறது? நல்ல அழற்சி என்பது வந்து, வேலையை முடித்து, போய்விட வேண்டிய விருந்தாளி. இந்த நோயிலோ அழற்சி வருஷக்கணக்காகக் குடியிருக்கிறது. அது எலும்பைக் கரைக்கிற செல்களைத் தூண்டிவிட்டு, எலும்பைக் கட்டுகிற செல்களை அடக்கிவைக்கும். இதோடு நடமாட்டம் குறைந்து எலும்பே மெலிந்து போயிருக்கும். பாதமோ இருதயத்திலிருந்து தூரத்தில் இருக்கிறது. சிலருக்கு நோயே சின்ன ரத்தக்குழாய்களையும் கெடுத்திருக்கும். வைட்டமின் டி குறைவும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவு வெயிலடிக்கிற நம் நாட்டில் அந்தக் குறைவு பரவலாக இருப்பது வேடிக்கைதான், ஆனால் உண்மை.

அடுத்தது மருந்து. இங்கேதான் எல்லா மாத்திரையையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ஸ்டீராய்டு வேறு, மெத்தோட்ரெக்சேட் வேறு.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது. 1950-ல் ஹென்ச்சுக்கும், அவரோடு கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நாளாக ஆக மறுபக்கம் தெரிந்தது. எலும்பு மெலிகிறது, புண் ஆறத் தாமதமாகிறது, தொற்று எளிதில் பிடிக்கிறது. ஸ்டீராய்டு எலும்பு கட்டும் செல்களை நேரடியாகத் தடுக்கக்கூடியது. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் முடிந்தவரை குறைந்த அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அதற்காக, நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். குறைப்பது டாக்டர் வேலை.

மெத்தோட்ரெக்சேட் கதை வேறு. வாரத்தில் ஒரே நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. தினமும் சாப்பிட்டால் விஷம் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற அளவில் அதை ஆபரேஷன் சமயத்தில் நிறுத்தலாமா, தொடரலாமா என்று இங்கிலாந்தில் 388 நோயாளிகளிடம் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். நிறுத்தியவர்களைவிட, தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் தொற்றும் சிக்கலும் குறைவாக இருந்தன. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்காக 2017-ல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் வகுத்து 2022-ல் புதுப்பித்த நெறிமுறையும் மெத்தோட்ரெக்சேட்டைத் தொடரச் சொல்கிறது. பயாலஜிக்கல் என்ற விலை உயர்ந்த ஊசிகளுக்கு மட்டும், ஒரு டோஸ் தவணை முடிகிற சமயமாகப் பார்த்து ஆபரேஷன் தேதி வைக்கச் சொல்கிறது. பாதத்துக்கும் பல டாக்டர்கள் இதையே ஒட்டி நடக்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் முடிவு அவர்களுடையது. நாம் செய்ய வேண்டியது ஒன்று: வாத நோய் டாக்டரும் எலும்பு டாக்டரும் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவையாவது பேசிக்கொள்ளும்படி பார்ப்பது. ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்க்காமல் இருப்பதுதான் நிறைய இடத்தில் நடக்கிறது.

இப்போது கான்கிரீட்டுக்கு வருகிறேன். பின்வரிசை நண்பர் சந்தோஷப்படலாம்.

அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு சிமெண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஓ.பி.சி. சிமெண்ட் போட்டால் குறைந்தது 7 நாள் தண்ணீர் ஊற்றிப் பக்குவப்படுத்த வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள், 14 நாள் செய்வது நல்லது என்கிறது. ஏன்? பி.பி.சி. ஆரம்பத்தில் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். ஏழாம் நாள் கியூப் உடைத்துப் பார்த்து, "பலம் போதலை, இடிச்சிடு" என்று எந்த இன்ஜினீயரும் சொல்லமாட்டார். இதன் நாள் கணக்கு வேறு என்று அவருக்குத் தெரியும். நாலரை மீட்டருக்கு மேற்பட்ட ஸ்லாபுக்கு 14 நாள் வரை முட்டுக் கொடுத்து வை என்று விதி இருந்தால், வீட்டுக்காரர் அவசரப்படுகிறார் என்பதற்காக ஆறாம் நாள் முட்டைப் பிரிக்கவும் மாட்டார். மெதுவாகப் பலம் பிடிப்பது வேறு, பலமே பிடிக்காமல் போவது வேறு. ஒரு ஸ்லாபுக்குக் கொடுக்கிற இந்த மரியாதையை ஒரு மனுஷியின் காலுக்கு நாம் கொடுப்பதில்லை.

"ஊனி நடந்தா எலும்பு பிடிக்கும்" என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் ஸ்டீபன் பெர்ரன் என்ற ஆராய்ச்சியாளர், எலும்பு இடைவெளியில் ஏற்படும் அசைவை நாம் படித்த ஸ்ட்ரெயின் கணக்காகவே போட்டார். இளம் திசு நூறு சதவீத இழுவையைக்கூடத் தாங்கும், குருத்தெலும்பு பத்து சதவீதம், கெட்டி எலும்போ இரண்டு சதவீதம்தான். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 0.02 மில்லிமீட்டருக்கு மேல் அங்கே அசைவு இருக்கக்கூடாது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் பாதத்தில் விழுவது உடல் எடையைவிடச் சற்று அதிகம். 60 கிலோ உள்ளவர் ஊன்றினால் 65, 70 கிலோ. அதுவும் அடிக்கு அடி. டாக்டர் பாரம் ஏற்றச் சொல்கிற கட்டம் ஒன்று வரும், அப்போது ஏற்றுவது எலும்புக்கு நல்லது. அதை முடிவு செய்ய வேண்டியது எக்ஸ்ரே, பக்கத்து வீடு இல்லை.

இந்த இடத்தில் நம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய காரியத்தைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளின் கை கால்களில் ஆபரேஷன் செய்ய யாரும் துணிவதில்லை. அவர்களுடைய சதை கெட்ட சதை, ஆறவே ஆறாது என்ற நம்பிக்கை. பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் நோயாளிகளை நாள் முழுக்கக் கவனித்தார்கள். கண்டுபிடித்தது இதுதான்: சதையில் குறை இல்லை. நரம்பு செத்துப்போய் வலி தெரியாததால், புண் உள்ள காலையே ஊன்றி ஊன்றி நடக்கிறார்கள். மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் அந்தப் புண் ஆறுகிறது. ஆபரேஷன் செய்தால் அதுவும் ஆறுகிறது. பிறகு மைக்ரோசெல்லுலர் ரப்பரில் மெத்தென்ற செருப்பு செய்து கொடுத்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தருகிறார்களே, அதேதான்.

தொழுநோய் கிருமியால் வருவது, ஆட்டோ இம்யூன் நோய் அல்ல. ஆனால் இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்று இருக்கிறது. உடம்பைக் குறை சொல்லும் முன், அதன் மேல் என்ன பாரம் ஏற்றினோம் என்று பார். இன்னொன்றும் உண்டு. ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கும் வலி மங்கித்தான் இருக்கும். ஆகவே "வலி இல்லையே, கூடிடுச்சு" என்பது சாட்சி ஆகாது.

இனி வீட்டு நடைமுறை. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்பே இவற்றைப் பாருங்கள். கை மணிக்கட்டிலும் நோய் உள்ளவரால் சாதாரண ஊன்றுகோலைப் பிடிக்க முடியாது. முழங்கையை வைத்து ஊன்றுகிற வாக்கர் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். ஒற்றைக் காலில் குந்தி எழ முடியாது. நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள். வைட்டமின் டி அளவைப் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முட்டை, பால், பருப்பு குறையக்கூடாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நம்ம ஊர் முந்திரியில் அதைவிட மிகக் குறைவுதான், சொன்னால் ஊரில் கோபித்துக்கொள்வார்கள்! பீடி, சிகரெட், புகையிலை எந்த வடிவிலும் வேண்டாம், ரத்தக்குழாயைச் சுருக்கும். ஸ்க்ரூ போட்ட காலை யாரிடமும் எண்ணெய் போட்டு நீவக் கொடுக்காதீர்கள். பெயர் ஒட்டாத பொடி, பெயர் சொல்லாத ஊசி, இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

எல்லோருக்கும் கடைசியில் கூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒன்பது மாதம் ஆகியும் கூடாமல், அதில் கடைசி மூன்று மாதமாக எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் இல்லாமல் இருந்தால், அதைக் கூடாத எலும்பு என்று வகைப்படுத்துவார்கள். சிலருக்கு இடுப்பெலும்பிலிருந்து எலும்புத்துண்டு எடுத்து வைத்து மறுபடி ஆபரேஷன் தேவைப்படும். சிலருக்குக் கூடாவிட்டாலும் வலி இல்லாததால் அப்படியே விடுவார்கள். ஆனால் எட்டாவது வாரத்தில் தீர்ப்பு எழுதும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

அக்காவின் மாத்திரையை டாக்டர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள். மணிக்கட்டு வீக்கம் இறங்கியது. எட்டாவது மாத எக்ஸ்ரேயில் அந்தக் கோடு இல்லை. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் தட்டை வைத்து முந்திரி தோல் உரிக்கிறார். கொட்டை உடைப்பதற்குக் குந்துவதில்லை. கூலி முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் கூலி வருகிறது.

நண்பர்களே, கடைசியாக ஒரு வேண்டுகோள். காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவைத் தாங்கலாம். எட்டு மாதக் கூலியை எந்த அட்டையும் தாங்குவதில்லை. காலை அவசரப்பட்டு ஊன்றுகிறவர்களில் பலர் அறியாமையால் ஊன்றவில்லை, வேலை போய்விடும் என்ற பயத்தால் ஊன்றுகிறார்கள். இந்த அரங்கில் கான்ட்ராக்ட் எடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள், பட்டறை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், கம்பெனிகளில் லீவுக்குக் கையெழுத்துப் போடுகிற பதவியில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒருவர் "எலும்பு இன்னும் கூடலை சார்" என்று வந்து நின்றால், சாக்குச் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றைக் கொடுங்கள். ஸ்டோர் கணக்கு, அளவுப் புத்தகம், போன் வேலை என்று எவ்வளவோ இருக்கிறது. அதுவும் முடியாவிட்டால், திரும்பி வரும்போது அவருடைய இடம் இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வார்த்தையும் ஒரு முட்டுதான்.